எங்கள் திட்டுக்கு வரவிருந்த ரயில்

எங்கள் திட்டில் ரயில் ஓடியதில்லை. டிராம் ஓடியதில்லை. பஸ்ஸின் ஹாரன் சத்தம் வடகரையிலிருந்து காற்றில் வரும், அவ்வளவுதான். ஆனாலும் இந்தச் சீமையில் ரயிலால் கெட்ட குடும்பம் எது என்று யாராவது கேட்டால் எங்கள் குடும்பத்தைக் காட்டலாம். ரயிலில் அடிபட்டுக் கெடவில்லை. ரயில் வரும் என்று கெட்டோம்.

காவிரி எங்கள் பக்கத்தில் இரண்டாகப் பிரிந்து கொஞ்ச தூரம் போய் மறுபடி சேர்கிறது. நடுவில் இருப்பது எங்கள் திட்டு. வடக்குக் கையில் எந்தக் கோடையிலும் தண்ணீர் வற்றாது. ஆழம். பரிசலில்தான் கடக்க வேண்டும். கடந்தால் எங்கள் ஆற்றங்கரை வேலூரின் சந்தை (கோட்டை இருக்கிற வேலூர் வேறு), அதற்கப்பால் நாமக்கல், சேலம். தெற்குக் கை கோடையில் வெறும் மணலாகிவிடும். தென்கரையில் ஈரோட்டுக்கும் திருச்சிக்கும் போகிற ரயில் ஓடுகிறது. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும்போது அந்த ரயிலின் புகை தெரியும். நாங்கள் பயிரிடுவது வெற்றிலை. கிள்ளிய வெற்றிலை காத்திருக்காது. எண்ணிக் கவுளி கவுளியாகக் கட்டிக் கூடையில் அடுக்கி, ஈரத்துணி போட்டு, பரிசலில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டு போவதற்குள் ரயில் போய்விட்டால் அந்தக் கூடையை ஆற்றில் கொட்ட வேண்டியதுதான். மீன்கூடத் தின்னாது.

கோடையில் மட்டும் கொஞ்சம் மூச்சு விடுவோம். மணல் தெரிந்ததும் திட்டில் உள்ள எல்லா வீட்டு ஆட்களும் சேர்ந்து தெற்குக் கையின் குறுக்கே பாதை போடுவார்கள். மணலின் மேல் தென்னை மட்டையைக் குறுக்காகப் பரப்பி, அதற்கு மேல் சோளத்தட்டைப் போட்டு, தண்ணீர் தெளித்து மிதிப்பார்கள். வண்டிச் சக்கரம் மணலில் புதையாமல் அதன் மேல் ஓடும். வருஷத்தில் சில வாரங்களுக்கு எங்களுக்கும் ரோடு உண்டு என்று பீற்றிக்கொள்ளலாம். புதுத் தண்ணீர் வந்ததும் ரோடு கடலுக்குப் போய்விடும்.

நான் பாவாடை கட்டிக்கொண்டிருந்த காலம் முடிகிற சமயத்தில், சங்கிலியும் கொடியும் கொண்டு நிலம் அளக்கிற ஒரு கூட்டம் வந்து இறங்கியது. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாக வந்து, ஆற்றைத் தாண்டி, தென்கரை ரயிலோடு சேர ஒரு பாதை வரப்போகிறது என்றார்கள். திட்டின் குறுக்கே நேர்கோடாக முளைக்குச்சிகள் அடித்துக்கொண்டு போனார்கள். கோடு எங்கள் கொடிக்காலின் நடுவே போயிற்று. அவர்களில் பெரியவராக இருந்தவர் எங்கள் இளநீரைக் குடித்துவிட்டு, "பாலத்தின் கால் ஒன்று இங்கேதான் நிற்கும். ஒரு ஸ்டேஷன்கூட வரலாம்" என்று சொன்னார். இளநீர் குடித்த வாய்க்கு எதையாவது சொல்லத் தோன்றுமல்லவா. அவர் மறுநாளே மறந்திருப்பார். நாங்கள் மறக்கவில்லை.

என் சின்னய்யன், அதாவது அய்யன் என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் தம்பி, ஒரு வழக்குக்காகச் சென்னைப்பட்டணம் போய் வந்தவர். அவருக்கு ரயில் போதவில்லை.

"டேசன் வந்தாப் போதுமா? டேசன்ல எறங்குனவன் கோயிலுக்கு எப்படிப் போவான்? அதுக்கு டிராமு வுடோணும்" என்பார்.

"அதென்னுங்க டிராமு?" என்று யாராவது கேட்பார்கள்.

"தலைக்கு மேல கம்பி. கம்பியப் புடிச்சுட்டுத் தெருவுல ஓடும். மாடும் இல்ல, புகையும் இல்ல. மணியடிச்சா வெலகிக்கோணும். வெலகலைன்னா அது வெலகாது."

"நம்ம திட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கூப்பிட்டாக் கேக்கும். இதுக்குள்ள அது எங்கீங்க ஓடும்?" என்று பரிசல்காரர் கேட்பார். அவருக்கு உள்ளுக்குள் எரிச்சல். ரயில் வந்தால் அவர் தொழில் போகும்.

"திரும்பித் திரும்பி ஓடும். உனக்கென்ன, நீ பரிசலக் கவுத்துப் போட்டு அதும்மேல உக்காந்து வேடிக்கை பாரு."

எல்லோரும் சிரிப்பார்கள். ஆலமரத்தடி முழுக்க அந்த வருஷம் இதே பேச்சு. ஸ்டேஷன் யார் நிலத்தில் வரும், டிராம் யார் வாசலில் நிற்கும் என்று மண்ணில் கோடு போட்டுச் சண்டை போட்டுக்கொண்டார்கள். தட்டுப் பாதை போட வேண்டிய கோடையில் பாதிப் பேர் வரவில்லை. "ரயிலே வருது, சோளத்தட்ட மாட்டுக்குப் போடு" என்றார்கள்.

இந்தக் கூத்து இதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத மாட்டேன். எழுதுவதற்குக் காரணம் கல்யாணம்.

ஆற்றுக்குப் பயந்து எங்கள் திட்டுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது. என் அண்ணனுக்குக் கேட்டுப் போன வீடுகளில் எல்லாம் மோர் மட்டும் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் வடகரையில் வேலூருக்குப் பக்கத்தில் ஒரு வீடு, பெண் எடுத்துப் பெண் கொடுக்கலாம் என்றது. அந்த வீட்டுப் பெண் என் அண்ணனுக்கு. அவளுடைய அண்ணனுக்கு நான். ஒரே பந்தலில் இரண்டு தாலி. எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான்.

பெண்ணின் அப்பா எங்கள் இடத்தைப் பார்க்க வந்தார். பரிசலில் இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி வந்தார். கரையில் இறங்கியதும் வாந்தி எடுத்தார். முகம் கழுவிக்கொண்டு திண்டாட்டத்தோடு நின்றவர் கண்ணில் அந்தக் குச்சிகள் பட்டன.

"இதென்னுங்க?"

"ரயிலுக்கு நட்டதுங்க மாமா" என்றார் சின்னய்யன். டிராமையும் சேர்த்துச் சொன்னார்.

வந்தவர் ஒவ்வொரு குச்சியாகக் கையால் ஆட்டிப் பார்த்துக்கொண்டு திட்டின் அந்தக் கரை வரைக்கும் நடந்தார். திரும்பி வந்து சொன்னார்.

"நான் ஒளிச்சுப் பேசறதில்லீங்க. என்ற கூடப் பொறந்தவ கல்யாணங் கட்டிப் போனன்னைக்கு இதே ஆத்துல பரிசல் கவுந்து போயிட்டா. நான் கரையில நின்னு பாத்தனுங்க. என்ற மவளத் தண்ணி மேல அனுப்ப மாட்டேன். கல்யாணத்த எங்க வேணும்னாலும் வெச்சுக்கலாம், குடித்தனம் பண்ண அவ இங்கதான வரோணும்? ரயில் வரட்டும். பாலத்து மேல அனுப்பறேன். அதுவரைக்கும் ரெண்டு பொண்ணும் அவங்கவங்க ஊட்டுல இருக்கட்டும்."

எங்கள் அய்யன் சந்தோஷமாகத் தலையாட்டினார். ரயில் இரண்டொரு வருஷத்தில் வந்துவிடும் என்று எல்லோருக்கும் நிச்சயம். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். வெற்றிலை எங்கள் கொடிக்கால் வெற்றிலைதான். எங்கள் வீடுகளில் வெற்றிலை மாற்றினால் மாற்றியதுதான். பிறகு அந்தப் பெண்ணை வேறு யாரும் கேட்க மாட்டார்கள், என்னையும் கேட்க மாட்டார்கள். அந்தப் பெரிய மனிதர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னார். ரயிலை நம்பி என்னைக் கட்டிப்போட்ட எங்கள் வீட்டு ஆண்கள்மேல்தான் கோபம். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரயில் வரவில்லை. குச்சிகள் நட்டவர்களும் திரும்ப வரவில்லை. குச்சி ஈர மண்ணில் எத்தனை நாள் தாங்கும்? உளுத்துப் போயிற்று. அண்ணன் பயந்தான். குச்சி போனால் கோடு போகும், கோடு போனால் ரயிலுக்கு வழி தெரியாது என்று அவனுக்கு எண்ணம். ஐப்பசி வெள்ளம் வடிந்ததும் வேலங்குச்சி வெட்டிக் கூராகச் சீவி, பழைய குச்சி இருந்த அதே குழியில் புதிதை அடிப்பான். நான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நேர் பார்க்க வேண்டும். வருஷந்தோறும் இதைச் செய்தோம். அது மட்டுமா? கோட்டின் மேல் இருந்த வெற்றிலைக் கொடிகளையும் அவை படரும் அகத்தி மரங்களையும் அவனே பிடுங்கினான். "நாளைக்கு அவங்க வந்து பிடுங்கறதுக்கு நாமே பிடுங்கி வெச்சா நல்ல பேரு" என்றான். நல்ல கொடிக்காலின் நடுவில் சுடுகாட்டுப் பாதை மாதிரி வெறுந்தரை கிடந்தது. அதில் புல் முளைத்தால் செதுக்குவான். ரயில் தடுக்கி விழுந்துவிடும் என்று நினைத்தானோ என்னவோ.

அந்தப் பெண்ணை நான் வேலூர்ச் சந்தையில் பார்ப்பேன். என்னைவிட ஒரு வயது மூத்தவள். என்னைப் பார்த்ததும் அவள் கேட்பது ஒன்றுதான்.

"ரயிலு எங்க வந்திருக்கு அம்மிணி?"

"சேலத்துல தண்ணி குடிக்குது."

"இன்னுமா குடிக்குது? வயிறு வெடிச்சுரப் போவுது."

முதல் வருஷங்களில் இதைச் சொல்லி இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஊரில் இரண்டு வீட்டையும் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த பிறகு, பெண்ணின் அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார். தண்ணீரைத் தொடாமல் வர ஒரு வழி இருந்தது. வேலூரிலிருந்து பஸ்ஸில் ஈரோடு, ஈரோட்டிலிருந்து ரயிலில் தென்கரை ஸ்டேஷன், அங்கிருந்து கோடை மணலில் தட்டுப் பாதை மேல் மாட்டுவண்டி. எதிரில் தெரிகிற திட்டுக்கு வர ஒரு நாள் முழுக்க ஊர் சுற்ற வேண்டும். இருந்தாலும் முழுக்கச் சக்கரத்தின் மேல் வரலாம். "அப்படின்னாச் சரி" என்றார். சித்திரையில் முகூர்த்தம் குறித்தார்கள்.

அந்த வருஷம் போல் எங்கள் ஆட்கள் என்றும் பாதை போட்டதில்லை. அண்ணன் மூன்று வண்டி அகலத்துக்குத் தட்டுப் பரப்பினான். என் அம்மா குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தாள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அவர்கள் தென்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். வண்டிகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். திட்டின் கரையில் மேளம் தயாராக நின்றது. மேற்கே எங்கேயோ கோடை மழை கொட்டியிருக்கிறது. எங்களுக்கு ஒரு தூறல்கூட இல்லை. நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்தது. முதலில் விரல் அளவு. அப்புறம் முழங்கால். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டு முழுவதும் பாய் மாதிரி அப்படியே எழுந்து மிதந்து கிழக்கே போயிற்று. மேளக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு தட்டுத் தட்டினார். அய்யன் அவரை அடிக்கப் போனார்.

அக்கரையில் பெண்ணின் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது தெரிந்தது. பிறகு வண்டிகள் திரும்பின. மறுநாள் ஆள் அனுப்பிச் சொன்னார்: "மணலே தண்ணியாகறதக் கண்ணால பாத்தாச்சு. இனி இரும்புப் பாலந்தான். யாரும் என்னக் கேக்க வேண்டாம்."

அந்த ஐப்பசியில் அண்ணன் மறுபடி குச்சி அடித்தான். நான் மறுபடி கயிறு பிடித்தேன்.

அடுத்த தைக்கு முன்னால் எனக்கென்று பேசிய மாப்பிள்ளை தனியாகப் பரிசலில் வந்தார். அப்போது நாமக்கல் போகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். காக்கிச் சட்டையோடு வந்து அய்யன் முன்னால் நின்றார். நான் மாட்டுக் கொட்டகைச் சுவருக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

"மாமா, உங்க மவளக் குடுங்க. நான் பரிசல்லயே கூட்டிட்டுப் போயிக்கறேன். எனக்கு ஆத்துக்குப் பயமில்லீங்க. என்ற தங்கச்சிய அப்பன் மனசு மாறுன பொறவு நானே கொண்டாந்து வுடறேன்."

அய்யன் அண்ணன் முகத்தைப் பார்த்தார். அண்ணன்தான் பேசினான்.

"உங்கப்பன் மனசு மாறலைன்னா?"

"மாறும் மச்சான்."

"மாறலைன்னா நான் என்ன, குச்சிக்குத் தாலி கட்டறதா? இவளக் குடுத்துட்டா அப்புறம் உங்க ஊட்டுல எவன் என்னய நெனைப்பான்? எனக்குப் பொண்ணு வந்தன்னைக்குத்தான் இவ போவா."

"ஒரு பொண்ண அடகு வெக்கறியா மச்சான்?"

"நீங்க வெக்கலியா?"

நான் வெளியே வந்துவிட்டேன். "நான் பரிசல் ஏறறேனுங்க அய்யா" என்றேன். உரக்கவே சொன்னேன்.

அய்யன் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் என்னைப் பார்க்காமலே சொன்னான்: "ஏறுனா அப்படியே போயிரோணும். அம்மா செத்தாலும் இந்த ஊட்டுப் படி ஏறக்கூடாது."

உள்ளே அம்மா அழுதாள். கண்டக்டர் என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். "அப்படி வேண்டாம் அம்மிணி" என்றார். "ஆத்தா ஊடு இல்லாம நீ அங்க வந்து நல்லா இருக்க மாட்டே." அவர் சொன்னது நியாயம்தான் என்று எல்லோரும் பிறகு சொன்னார்கள். நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவர் வைகாசியில் திருச்செங்கோட்டுப் பக்கம் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல வாயில்லை எனக்கு.

சண்டை வந்தது. சீமையில் எங்கேயோ நடந்த சண்டைக்கு இங்கே பெட்ரோல் இல்லாமல் போயிற்று. பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பை மாட்டி ஊதி ஊதி ஓட்டினார்கள். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளினார்கள். வெற்றிலைக் கூடையை ரயிலில் ஏற்ற மாட்டோம், பட்டாளத்துச் சாமான்தான் முதலில் என்றார்கள். ஏறாத கூடைகளைக் கொண்டுவந்து குழியில் கொட்டினோம். அந்தச் சமயத்தில், ஆற்றுக்கு ரோட்டுப் பாலம் போட இடம் பார்க்கிறோம் என்று ஓர் அதிகாரி ஆட்களோடு திட்டுக்கு வந்தார். கொடிக்காலுக்குள் நடந்தவர் காலில் குச்சி இடறியது.

"யாரய்யா இதை நட்டது?"

அண்ணன் ஓடிப்போய்க் கைகட்டி நின்றான். "நீங்கதானுங்க நட்டீங்க."

"நானா? குச்சி புதுசா இருக்கே."

"உங்க ஆளுங்க நட்டதுங்க. உளுத்துப் போறப்பல்லாம் நாங்க மாத்தி நட்டு வெச்சிருக்கறோமுங்க. கோடு ஒரு சாணு மாறலீங்க."

அவர் கூட வந்தவரிடம் ஏதோ கேட்டு, படத்தை விரித்துப் பார்த்தார்.

"இது சும்மா பார்த்த கோடு அய்யா. இந்த மாதிரி இன்னும் சில இடத்தில் பார்த்திருக்காங்க. பாலத்துக்கு இந்த இடம் ஆகாதுன்னு அப்பவே விட்டாச்சு. அந்தப் பாதையையே விட்டாச்சு. இப்ப ஓடற சில பாதைகளிலேயே தண்டவாளத்தைப் பெயர்த்துச் சண்டைக்குக் கொண்டு போறாங்க. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"பரிசல் ஏறி வந்து சொல்ல யாருக்குங்க நேரம்?" என்றார் சின்னய்யன். கிழவருக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. "அப்ப டிராமு?" என்று கேட்டார். அதிகாரி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நடந்தார். ரோட்டுப் பாலமும் எங்களுக்கு இல்லை. இன்னும் கீழே எங்கேயோ இடம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அண்ணன் அன்று சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். வேண்டுமென்றே அவன் எதிரில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பெண்ணின் அப்பா காய்ச்சலில் இறந்தார். வருஷத் திவசம் முடிந்த பிறகு ஒரு நாள் காலையில் பரிசல் வந்து நின்றது. அந்தப் பெண் இறங்கினாள். கூட அவள் அண்ணன், அவருடைய மனைவி, மனைவியின் இடுப்பில் குழந்தை. மேளம் இல்லை, பந்தல் இல்லை. அவள் தலையில் முன்பக்கம் நரை விழுந்திருந்தது. பரிசலில் ஏறும்போது ஒரு வெற்றிலை போட்டுக்கொண்டாளாம். இக்கரையில் காலை வைத்ததும் அதைத் துப்பிவிட்டுத் திரும்பி ஆற்றைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானுங்களா?" என்று பரிசல்காரரைக் கேட்டாள்.

"இவ்வளவுதானுங்க சாமி. காத்தடிச்சாத்தான் சித்த நேரம் கூட ஆகும்" என்றார் அவர்.

அவள் சிரிக்கவில்லை. ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான்தான் கை கொடுத்துத் தூக்கினேன். அவள் அண்ணன் என் பக்கம் திரும்பி, "நல்லா இருக்கியா அம்மிணி?" என்றார். "இருக்கேனுங்க" என்றேன். அவர் குழந்தை என் சேலையைப் பிடித்து இழுத்தது. விடுவித்துக்கொண்டு முன்னால் வீட்டுக்கு நடந்தேன்.

அன்றே கோயிலில் தாலி கட்டினார்கள். அண்ணனுக்குப் பெண் வந்தாயிற்று. இனி நான் போகலாம். எங்கே போவது? விருந்துக்குச் சமைக்க விறகு போதவில்லை. கொடிக்காலுக்குப் போய் வேலங்குச்சிகள் அத்தனையையும் பிடுங்கிக்கொண்டு வந்து அடுப்பில் வைத்தேன். நன்றாக எரிந்தன. அண்ணன் பார்த்தான். திரும்பி வாசலுக்குப் போய்விட்டான். நான் பேச்சு வாங்கத் தயாராகத்தான் இருந்தேன்.

அண்ணிக்குக் குழந்தை தங்கவில்லை. வயதாகிவிட்டது என்று மருத்துவச்சி சொன்னாள். அண்ணியும் நானும் ஒரே கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறோம். இரண்டு பேருக்கும் நடுவில் அந்த வெறுந்தரை கிடக்கிறது. அதில் இன்னும் கொடி சரியாகப் பிடிக்கவில்லை. மண் இறுகிப் போயிற்று.

இப்போது வெள்ளைக்காரன் போய்விட்டான். நம்முடைய ஆட்சி, நாமக்கல்லுக்கு ரயில் கட்டாயம் வரும் என்று ஆலமரத்தடியில் மறுபடி பேச்சு ஆரம்பித்திருக்கிறது. சின்னய்யன் இல்லாததால் டிராம் பேச்சு மட்டும் இல்லை. போன வாரம் அண்ணன் அங்கே போய் வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு, அண்ணிக்குக் கேட்காத மாதிரி என்னிடம் வந்து கேட்டான்.

"அந்தக் குச்சிக இருந்த எடமெல்லாம் உனக்கு நெனப்பு இருக்குதா அம்மிணி?"

எனக்கு ஒவ்வொரு குழியும் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்க் காலை வைப்பேன். அவனை அங்கேயே விட்டுவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு பரிசலுக்குப் போனேன்.